நீலியின் கண்ணீர்



தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் ‘நீலிக் கண்ணீர்’ என்றொரு தொடர் வழங்குகின்றது. யாழ்ப்பாணத்து உரும்பிராயிலே தோட்ட வரம்பு காரணமாக இரு வீட்டார் முரண்பட்டு, அவர்களுள் ஒருத்தி ஊரவர் முன்னிலையில் அழுதாளாயின், எதிர்ப்பக்கத்தார் “அவவின்ரை நீலிக் கண்ணீரை நம்பிப் போடாதையுங்கோ” என்று சொல்லி அவளுடைய வழக்கையே தள்ளிவிடுவர். அதன்மேல் விசாரணை வேண்டுவதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் நீலி யாரென்பது தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. பொய்யழுகை என்னும் பொருள் மாத்திரமே அத்தொடரில் எஞ்சி நிற்கின்றது.

நீலி என்பவள் யார்? அவள் ஏன் அழுதாள்? இவ்வினாக்களை எழுப்பிப் பார்த்தால், நமது பழமொழி ஒரு கொலையை மறந்துவிட்டமை புலனாகும். குற்றமும் ஆவியுலகும் பின்னிக் கிடக்கும் கதைகள் தமிழுக்குப் புதியன அல்ல. இக்காலத்தில் அயர்லாந்து நாட்டு எழுத்தாளர் ஒருவர் அத்தகைய நாவல்களை எழுதி உலகப் புகழ் பெற்றுள்ளார். அவருடைய நூல்களைக் கையிலெடுக்கும் தமிழ் வாசகர், பழையனூர் நீலியை ஒருமுறை நினைவு கூர்வாராயின், அந்நூல்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

நீலியின் கதை பல வடிவங்களில் வழங்குகின்றது. அதன் சாரம் இது. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன், வீட்டிலே மனைவி இருக்கவும் காசிக்குச் சென்று அங்கே வேறொரு பெண்ணை மணந்து கொண்டான். அவளையும் அவளுடைய தமையனையும் உடனழைத்துக் கொண்டு ஊர் திரும்புகையில், திருவாலங்காட்டுக்கு அயலிலே, துணை சற்று அகன்றிருந்த வேளை பார்த்து அவளைக் கொன்றுவிட்டான். தங்கையின் உடலைக் கண்ட தமையன் தானும் உயிர் நீத்தான். கொலையைக் கண்ட சாட்சி எவரும் இலர். கேட்ட மன்றமும் இல்லை. கொன்றவன் தன் வழியே போய்விட்டான்.

கொலையுண்டவள் மறுபிறப்பிலே நீலியானாள். கொன்றவன் காஞ்சியிலே ஒரு வணிகன் மகனாகப் பிறந்தான். பழையனூர்ப் பக்கத்திலே அவனுக்கு ஆபத்து உண்டென்று அறிந்த பெரியோர் மந்திர வாள் ஒன்றைக் காவலாகக் கொடுத்திருந்தனர். வாணிகத்தின் பொருட்டு அவன் அவ்வழியே வந்தபோது, நீலி பெண்ணுருக் கொண்டு, கள்ளிக் கொம்பொன்றைப் பிள்ளையாக்கி இடுப்பிலே தாங்கி, அவனைத் தொடர்ந்தாள். அவன் அஞ்சிப் பழையனூருக்குள் ஓடினான். ஊர்ச் சபையிலே எழுபது வேளாளர் கூடியிருந்தனர். “இவர் என் கணவர், என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகின்றார்” என்று நீலி அழுதாள். “இவள் பெண்ணல்லள், பேய்” என்று வணிகன் கதறினான். பிள்ளையை இறக்கிவிடுமாறு சபையார் கூறினர். பிள்ளை அவனை ‘அப்பா’ என்றழைத்து ஓடிச் சென்று மடியேறிற்று. சபையாருக்கு ஐயம் நீங்கிற்று. கணவனும் மனைவியும் ஒரு மனையிலே தங்குமாறு தீர்ப்பாயிற்று. கையிலிருந்த வாளையும் வாங்கி வைத்தனர். அவன் உயிருக்குத் தீங்கு வருமாயின் தாங்கள் எழுபதின்மரும் உயிர் கொடுப்பதாக உறுதி கூறினர். விடிந்தபோது வணிகன் பிணமாய்க் கிடந்தான். சொன்ன சொல்லைக் காத்து எழுபதின்மரும் தீப்புகுந்தனர்.

இக்கதை மிகவும் பழமையானது. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு உண்டு. பிற்காலத்தார் இதனைப் பெரும்பாலும் வேளாளரின் வாய்மைக்கு எடுத்துக்காட்டாகவே போற்றினர். வாக்குத் தவறாமல் எழுபதுபேர் உயிர் கொடுத்தமை பெருஞ் செயலே. பழையனூருக்கு இன்றளவும் பெயர் தருவது அச்செயலே. எனினும், இக்கதையை ஒரு வழக்காகக் கொண்டு ஆராயும்போது வேறொன்று தென்படும்.

அச்சபையார் எதனை விசாரித்தனர்? பிள்ளை எவரிடம் ஓடுகின்றதென்று மாத்திரமே பார்த்தனர். இருவரும் எவ்வூரார், எப்போது மணந்தனர், அறிந்த உறவினர் யாவர் என்று வினவவில்லை. காஞ்சிக்கு ஆள் அனுப்பவில்லை. ஒரு மனிதன் உயிருக்கு அஞ்சி நடுங்குவதைக் கண்டும் அவன் கையிலிருந்த காவலை வாங்கி வைத்தனர். விசாரணையில் இருந்த குறைவை வாக்குறுதியினால் நிரப்பினர். ஆராயாமல் அளித்த தீர்ப்புக்கு எத்துணைப் பெரிய தியாகமும் ஈடாகாது என்பது கதையிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

நீலியின் பக்கமும் ஒரு கேள்வி உண்டு. அவளிடம் மெய்யான வழக்கு இருந்தது. அவள் கொலையுண்டவள். அவ்வாறாயின் பொய் வழக்கு ஏன் தொடுத்தாள்? மெய்யான வழக்கைக் கேட்பதற்கு எந்த மன்றமும் இல்லாமையே காரணம். இறந்தவளின் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும் ஏடு எந்தச் சபையிலும் இல்லை. ஆதலால், சபை நம்பக்கூடிய ஒரே வேடத்தை, கைவிடப்பட்ட மனைவி என்னும் வேடத்தை, அவள் பூண்டாள். கண்ணீர் பொய்யன்று, அதற்குச் சொன்ன காரணமே பொய். இவ்வேறுபாட்டை நமது பழமொழி விழுங்கிவிட்டது.

நீலி என்னும் பெயர் சிலப்பதிகாரத்திலும் வருகின்றது. மதுரை எரியுண்ட பின், மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி முற்பிறப்பின் செய்தியைக் கூறுகின்றது. கலிங்க நாட்டிலே இரு அரசர் பகைத்திருந்த காலத்தில், சங்கமன் என்னும் வணிகன் மனைவியோடு பகைவர் நகருக்குப் போய்ப் பண்டம் விற்றான். அரச சேவகனாகிய பரதன் அவனை ஒற்றன் என்று காட்டிக் கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி பெயர் நீலி. அவள் பதினான்கு நாள் அழுது திரிந்து, பின்னர் மலையேறி, இத்துயர் செய்தவரும் இதே துயர் உறுவாராக என்று சாபமிட்டு உயிர் துறந்தாள். அந்தப் பரதனே மறுபிறப்பிலே கோவலன் ஆனான் என்கிறது காப்பியம். பழையனூர் நீலியும் கலிங்கத்து நீலியும் ஒருவரல்லர். ஆயினும் இரு கதையிலும், கேட்பாரின்றிப் போன கொலையொன்றுக்காக அழுபவளின் பெயர் நீலியாகவே இருப்பது சிந்தனைக்குரியது.

சிலப்பதிகாரம், குற்றத்தை ஆராயும் பொறுப்பை மனித மன்றங்களோடு நிறுத்திவிடவில்லை. புகார் நகரிலே ஐந்து மன்றங்கள் இருந்ததாக இளங்கோவடிகள் வருணிக்கின்றார். அவற்றுள் ஒன்று பூதச் சதுக்கம். பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர், தவவேடத்துள் மறைந்து தீமை செய்வோர் முதலியோரை அங்குள்ள பூதம் பாசத்தாற் கட்டிப் புடைத்து உண்ணும். மற்றொன்று பாவை மன்றம். அரசன் செங்கோல் கோடினாலும், நீதி கூறும் அவையத்தார் ஒருபக்கம் சார்ந்து பேசினாலும், அங்குள்ள பாவை வாய் திறவாது. கண்ணீர் மாத்திரம் சொரியும். பேசும் வாய் இல்லாத இடத்திலே நீதியின் குறைவு கண்ணீராய் வெளிப்படும் என்னும் கற்பனை எத்துணை நுட்பமானது!

அதே பூதம் ஒருமுறை பொய்க்கரி கூறிய ஒருவனைப் பற்றியபோது, அவனுடைய தாயின் துயர் கண்டு பொறாத கோவலன், அவனுயிருக்குத் தன்னுயிரை மாற்றாகத் தர முன்வந்தான். பூதம் இசையவில்லை. பொய்ச்சாட்சிக்காரனின் தாய்க்கும் இரங்கிய அந்தக் கோவலனே, மதுரையிலே பொற்கொல்லனின் பொய்ச்சொல்லால் மாண்டான். புகாரிலே பூதம் இருந்தது. மதுரையிலே இருந்தவன் அரசன் மட்டுமே. அவன் ஆராயவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என்னும் ஒரு சோதனை, கொலைக்கு முன்னர் நடந்திருப்பின் போதுமானதாயிருந்திருக்கும். கொலைக்குப் பின் நடந்தது. பழையனூர்ச் சபையும் பாண்டியன் அவையும் செய்த பிழை ஒன்றே.

நீலிக்கு மூன்றாவது தோற்றமும் உண்டு. சமண நூலாகிய நீலகேசி, பழையனூர்ப் பேயாகிய நீலியையே கதைத் தலைவியாகக் கொண்டது. முனிவர் ஒருவரை அச்சுறுத்த வந்த நீலி, அவருடைய உறுதியைக் கண்டு மனம் திருந்தி, சமண நெறி கற்று, ஊர் ஊராகச் சென்று பிற சமயத்து ஆசிரியர்களோடு வாதம் செய்கின்றாள். சமய வாதம் அந்நூலாசிரியரின் நோக்கம். அதனை விடுத்துப் பார்த்தாலும், பேய்க்கு வாய் கொடுத்து வாதிடச் செய்த துணிவு வியப்புக்குரியது. கேட்கும் சபை கிடைத்தவுடன் நீலி கொல்வதை விட்டுப் பேசத் தொடங்குகின்றாள்.

இவையெல்லாம் ஏட்டுக் கதைகள். ஊர்க் கதைகளோ எனின், அவையும் இவ்வழிப்பட்டனவே. உரும்பிராய், பலாலி வீதி ஊடறுத்துச் செல்லும் செம்மண் ஊர். கோப்பாயும் நீர்வேலியும் அதன் அயல். துலா மிதித்துத் தோட்டங்களுக்கு நீர் இறைத்த காலத்திலே, விடியற்புறத்து இருளிலே வரம்பு வழி நடந்தவர்களிடம் பேய்க்கதைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அத்தகைய ஊர்களின் பேய்க்கதைகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். பேய் எங்கும் பரந்து திரிவதில்லை. இன்ன கிணறு, இன்ன புளியமரம், இன்ன பனங்கூடல் என்று அதற்கு இடம் குறிக்கப்பட்டிருக்கும். ஏன் அந்த இடம் என்று வினவினால், முதியவர் குரலைத் தாழ்த்தி ஒரு மரணத்தைச் சொல்வர். கிணற்றிலே விழுந்தாள் என்று சொல்லப்பட்ட மருமகள். தூக்கிலே தொங்கினான் என்று எழுதப்பட்ட கூலியாள். தகப்பன் பெயர் சொல்லப்படாத குழந்தை. நீதிமன்றப் பதிவேட்டிலே இடம்பெறாத துர்மரணங்களை ஊர் தன் பேய்க்கதைகளிலே பதிந்து வைத்திருக்கின்றது. பேய் என்பது அங்கே தீர்க்கப்படாத ஒரு கணக்கின் பெயர்.

தமிழகத்தின் தென்மாவட்டங்களில் இவ்வுண்மை வழிபாடாகவே வளர்ந்தது. அங்கே வில்லுப்பாட்டிலே பாடப்படும் முத்துப்பட்டன் முதலியோர் கொலையுண்டு தெய்வமானவர்கள். யாழ்ப்பாணத்து அம்மன் கோயில் வீதிகளிலே விடிய விடிய ஆடப்பட்டு வந்த காத்தவராயன் கூத்தின் முடிவிலும் கழுமரமே நிற்கின்றது. சாதி வரம்பை மீறிக் காதலித்த ஒருவனைக் கழுவேற்றக் கொண்டு செல்லும் அந்தக் காட்சியிலே, தண்டித்தவன் பக்கம் நின்று பார்ப்பவர் அரியர். அரசன் தீர்ப்புக்கு மேலாக ஊரார் வழங்கிய மறுதீர்ப்பு அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே துப்பறியும் நாவல் தமிழிலே பரவிற்று. ஜே. ஆர். ரங்கராஜு 1908ஆம் ஆண்டில் ‘ராஜாம்பாள்’ நாவலை வெளியிட்டார். அவர் படைத்த துப்பறியும் கோவிந்தனும், அவரையடுத்து வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய நாவல்களும் கடல் கடந்தும் வாசிக்கப்பட்டன. அப்போது மேல்நாட்டிலே ஆட்சி செலுத்தியது ஷேர்லக் ஹோம்ஸின் முறை. 1902ஆம் ஆண்டில் நூலாக வந்த ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ கதையிலே, பேய் நாயெனக் கருதப்பட்டது ஒளிரும் பொஸ்பரசு பூசிய சாதாரண நாயென்று முடிவிலே தெளிவாகும். அறிவு விளக்கைக் கொண்டு வந்தால் பேய் மறையும் என்பது அந்த மரபின் நம்பிக்கை. அது நல்ல நம்பிக்கையே. ஆயினும் பேய் மறையும்போது, பேய் கேட்டுக் கொண்டிருந்த கேள்வியும் சில வேளைகளில் உடன் மறைந்துவிடுகின்றது.

இவ்விரண்டையும் மீண்டும் ஒன்று சேர்த்தவர் தமிழ்நாட்டு எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன். 1958ஆம் ஆண்டிற் பிறந்து 2024ஆம் ஆண்டில் மறைந்த இவர், கோயில், சித்தர், காவல் தெய்வம் ஆகியவற்றைக் குற்றக் கதையின் நடுவிலே வைத்தார். 1990களின் பிற்பகுதியிலே தொலைக்காட்சித் தொடராக வந்த ‘மர்ம தேசம்’ அவருடைய கதைகளைக் கொண்டது. அதிலே ‘விடாது கருப்பு’ என்னும் பகுதியிலே, ஊரிலே தீமை செய்தவர் ஒவ்வொருவராக மடிகின்றனர். குதிரையேறி வரும் கருப்புசாமியே தண்டிப்பதாக ஊர் நம்புகின்றது. தண்டித்தது மனிதக் கையா, தெய்வக் கையா என்பதே பார்த்தவர் உள்ளத்தை அலைத்த வினா. அத்தொடர் ஒளிபரப்பான காலத்திலே வீடுதோறும் அதுவே பேச்சாயிருந்தது. பழைய சதுக்கப் பூதமே புதிய குதிரையிலே ஏறி வந்தது எனலாம்.

அயர்லாந்துக்கு இனி வருவோம். அந்நாட்டு மக்களின் பழங்கதைகளிலே ‘பான்ஷீ’ என்னும் பெண்ணாவி வரும். குடும்பத்தில் ஒருவருக்கு மரணம் நெருங்கும்போது அது இரவிலே அழுமாம். நமது பாவை மன்றத்துப் பாவைக்கு அது தூரத்து உறவு. டப்ளின் நகரத்தவரான ஷெரிடன் லெ பானு, 1872ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியிலே, கொடிய நீதிபதி ஒருவரின் கதையைச் சேர்த்தார். ஒரு கடைக்காரன் மீது கள்ளக் கையெழுத்து வழக்கு வருகின்றது. அவனுடைய மனைவியோ அந்த நீதிபதியின் வீட்டிலே இருக்கின்றாள். நீதிபதி தம் சுயநலம் கருதி அவனைத் தூக்கிலிடத் தீர்ப்பளிக்கின்றார். பின்பு ஓரிரவு, தம்மைப் போலவே உருவங்கொண்ட இன்னும் பெரிய நீதிபதி ஒருவரின் முன் தாமே குற்றவாளிக் கூண்டிலே நிற்பதாகக் காண்கின்றார். தீர்ப்பு மரணம். குறித்த நாளிலே தம் வீட்டிலேயே தூக்கிலே தொங்குகின்றார். நீதி தவறியவனுக்கு அறமே எமனாகும் என்னும் சிலப்பதிகாரக் கொள்கைக்கு மேலைக் கரையிலே எழுந்த உரை இது.

அந்த மரபிலே இக்காலத்தில் நிற்பவர் ஜோன் கொனலி. 1968ஆம் ஆண்டில் டப்ளினிலே பிறந்தவர். அந்நகரத் திரினிற்றிக் கல்லூரியிலே ஆங்கிலம் பயின்றவர். சில காலம் பத்திரிகைத் தொழில் புரிந்தவர். 1999ஆம் ஆண்டில் அவருடைய முதல் நாவலாகிய ‘எவ்ரி டெட் திங்’ வெளிவந்தது. தனியார் துப்பறிவோர் பற்றிய சிறந்த முதல் நாவலுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் ஷேமஸ் பரிசு அதற்குக் கிடைத்தது. அந்நாட்டவர் அல்லாத ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

அவருடைய கதைத் தலைவன் சார்ளி பார்க்கர், நியூயோர்க் நகரக் காவற்றுறையிலே பணிபுரிந்தவன். ஓரிரவு அவன் மதுச்சாலையிலே இருந்த வேளையிலே, அவனுடைய மனைவியும் சிறு மகளும் வீட்டிலே கொலையுண்டனர். அன்று முதல் இறந்தோர் அவனை விட்டு அகல்வதில்லை. அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மெயின் மாநிலத்துக் காடுகளும் கடற்கரையுமே பெரும்பான்மையான நாவல்களின் களம். பார்க்கர் வழக்கை ஆராயும் முறை சாதாரணமானதே: ஆட்களைச் சந்திக்கின்றான், பழைய கோப்புகளைப் புரட்டுகின்றான், பொய்களை ஒப்பிடுகின்றான். ஆனால் வழக்கை அவனிடம் ஒப்படைப்போர் எல்லாரும் உயிருள்ளோர் அல்லர். மாண்ட மகளின் உருவம் அவனோடு நடக்கின்றது. அவள் மெய்யாகவே வந்தவளோ, தந்தையின் துயரம் படைத்தவளோ என்று முதல் நாவல்களிலே வாசகர் ஐயுறலாம். நூல்கள் பெருகப் பெருக அந்த ஐயத்துக்கு இடம் குறைகின்றது.

2001ஆம் ஆண்டில் வந்த ‘த கில்லிங் கைண்ட்’ நாவலிலே, மெயின் மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரை ஒன்றிலே கூட்டுப் புதைகுழி வெளிப்படுகின்றது. பல பத்தாண்டுகளுக்கு முன் அங்கே குடியேறிப் பின் காணாமற்போன ஒரு சமயக் கூட்டத்தாரின் எலும்புகள் அவை. அவர்கள் எங்கோ போய்விட்டனர் என்று அதுவரை உலகம் தன்னைத் தேற்றிக் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் வந்த ‘த வைட் றோட்’ நாவல், தென் கரோலைனாவிலே வெள்ளையினப் பெண்ணொருத்தியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பின இளைஞனின் வழக்கைச் சொல்லி, அதன் வேர் பழைய இனக்கொடுமையிலே கிடப்பதைக் காட்டுகின்றது. 2018ஆம் ஆண்டு வெளியான ‘த வுமன் இன் த வூட்ஸ்’ நாவலிலோ, காட்டிலே பெயர் தெரியாத பெண்ணொருத்தியின் உடல் கிடைக்கின்றது. சாவதற்குச் சற்று முன்னரே அவள் பிள்ளை பெற்றிருந்தாள் என்பது தெரிகின்றது. அப்பிள்ளை எங்கே என்பதே பார்க்கருக்கு இடப்பட்ட பணி.

இந்நூல்களிலே வன்செயல் மிகுதி. சில பக்கங்களைக் கடப்பது கடினம். இளம் பிள்ளைகளின் கையிலே கொடுக்கத் தக்கனவும் அல்ல. ஆயினும் அவற்றிலே பழிவாங்குதல் மெல்ல மெல்ல இரக்கமாக மாறுவதைக் காணலாம். முதல் நாவலிலே பார்க்கர் தன் மனைவி மகளுக்காகவே அலைகின்றான். பின்னைய நாவல்களிலே, பிறருடைய இறந்தோருக்காகவும் காணாமற் போனோருக்காகவும் அலைகின்றான். தன் துயரத்தைப் பிறர் துயரத்தை அறியும் கருவியாக்கிக் கொள்கின்றான். பழையனூர் நீலியிடம் இல்லாதது இதுவே. அவள் பகை ஒருவனோடு நில்லாது, அவளைக் கொல்லாத எழுபது பேரையும் தீயிலே தள்ளிற்று. ஆராய்ச்சி இல்லாத நீதி கொலையுண்டவளுக்கும் ஆறுதல் தராது, அயலாரையும் எரிக்கும்.

பேய்க்கதைகள் மூடநம்பிக்கையை வளர்ப்பன அன்றோ என்று கல்வியாளர் சிலர் வினவுவர். வினா தகுதியானதே. பேய் பிடித்ததென்று சொல்லிப் பெண்களை அடித்து வதைத்த கொடுமை நம்மிடையே இருந்தது. கதையிலே வரும் ஆவியை உண்மையென நம்பி நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லாது விடுவது பேதைமை. ஆனால் நம்புவது வேறு, கேட்பது வேறு. ஒரு பேய்க்கதை வாசகரிடம் மூன்று வினாக்களை எழுப்புமாயின் அது பயனுள்ள கதை. இறந்தவர் யார்? இறப்புக்குக் காரணமானவர் யார்? ஆராயக் கடமைப்பட்டிருந்தும் ஆராயாது விட்டவர் யார்? வெறும் அச்சத்தோடு நின்றுவிடும் கதை, முதல் வினாவையும் கேளாது. நல்ல கதை மூன்றாம் வினாவிலேதான் தங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இம்மூன்றாம் வினா இலக்கியத்தோடு அமைவதன்று. இங்கே ஒருவர் இறந்தால் எட்டுச் செலவு உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு. கீரிமலையிலே நீராடிச் செய்யும் கடன் உண்டு. அவற்றுக்கெல்லாம் இறந்த நாள் தெரிய வேண்டும். போர்க்காலத்திலே காணாமலாக்கப்பட்டோரின் வீட்டார்க்கு அந்த நாள் தெரியாது. திதியில்லாத வீடுகள் எத்தனையோ உள. உரும்பிராய்க்குத் தொலைவில்லாத செம்மணியிலே 1999ஆம் ஆண்டு அகழ்ந்தபோது பதினைந்து பேரின் எலும்புகள் கிடைத்தன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலே அங்குள்ள சிந்துபாத்தி மயானத்திலே கட்டுமான வேலை நடக்கையில் எலும்புகள் தென்பட, நீதிமன்ற மேற்பார்வையிலே அகழ்வு தொடங்கிற்று. அவ்வாண்டினுள் இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. சிறுவரின் எலும்புகளும் இருந்தன. பாடசாலைப் பையொன்றும் இருந்தது. அங்கே தேவைப்படுவது பேயோட்டுபவர் அல்லர். எலும்பையும் மண்ணையும் பொறுமையோடு ஆராயும் அறிஞரும், அவர் கண்டதை அஞ்சாது கேட்கும் மன்றமுமே தேவை.

கொனலியின் தாய்நாடும் இத்துயரை அறிந்தது. வட அயர்லாந்துப் பூசலின்போது கொலை செய்யப்பட்டு மறைவாகப் புதைக்கப்பட்டோரைத் தேடுவதற்கென, அயர்லாந்து அரசும் பிரித்தானிய அரசும் உடன்பட்டு 1999ஆம் ஆண்டிலே ஓர் ஆணைக்குழுவை நிறுவின. சதுப்பு நிலங்களிலும் கடற்கரையிலும் தோண்டித் தோண்டிப் பலருடைய உடல்களை அவர்தம் வீட்டாரிடம் ஒப்படைத்தனர். இலங்கையிலே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016ஆம் ஆண்டிலே நிறைவேற்றப்பட்டது. சட்டம் நிறைவேறிய நாளை மக்கள் நினைவில் வைத்திருப்பதில்லை. தம் பிள்ளையின் பெயர் ஒரு முடிவோடு எழுதப்பட்ட நாளையே நினைவில் வைத்திருப்பர்.

நேயர்களே, மொழி மக்களின் நினைவுக் களஞ்சியம் என்பர். அக்களஞ்சியத்திலே சில வேளை தவறான பெயர்ச்சீட்டு ஒட்டிய பானைகளும் உண்டு. ‘நீலிக் கண்ணீர்’ அவற்றுள் ஒன்று. அத்தொடரைப் பேச்சினின்று நீக்கிவிட இயலாது, நீக்க வேண்டியதுமில்லை. ஆனால் ஒரு சபையிலே, ஒரு வாசலிலே, ஓர் அலுவலகத்தின் முன்னாலே, படத்தை ஏந்திக் கொண்டு ஒருத்தி அழும்போது, அச்சொல்லை அவள்மேல் வீசுமுன், அவள் கையிலுள்ள படம் யாருடையதென்று ஒருமுறை கேட்பது நம் கடமை. பழையனூர்ச் சபையார் நல்லவர்கள், சொல் தவறாதவர்கள். அவர்கள் கேளாது விட்டது ஒரு கேள்வியைத்தான்.